புரியாத பாட்டுக்குக் கண் கலங்கினால்

நீங்கள் கேட்டது இது. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு இரவு பஸ். யூடியூபில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக ஓடியது, எத்தியோப்பியப் பாட்டு. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் பாடியவர் விம்முவது போலிருந்தது, தொப்பூர் இறக்கத்தில் உங்கள் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டு நண்பர், “அந்த ஆள் மளிகை லிஸ்ட்டைப் பாடியிருந்தாலும் நீ அழுதிருப்பாய்” என்று கிண்டல் செய்தார். அந்த உணர்ச்சி உண்மைதானா, பொருளைத் தேடிப் படித்தால் அது கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நண்பர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நான் ஓர் ஆட்டுப் பாட்டுக்கே கண் கலங்கியவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் உங்கள் பாட்டு. மஹ்மூத் அஹ்மத் பாடிய திஸிதா என்று எழுதியிருக்கிறீர்கள். அம்ஹாரிக் மொழியில் திஸிதா என்றால் நினைவு. கூப்பிடாமல் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுமே, அந்த மாதிரி நினைவு. ஒரு பாட்டு வகைக்கும் அதுதான் பெயர், அது பாடப்படும் சுர வரிசைக்கும் அதுதான் பெயர். திலாஹுன் கெஸ்ஸெஸெ, அஸ்தெர் அவெகெ, பெஸாவொர்க் அஸ்ஃபாவ் என்று அந்த நாட்டின் பெரிய பாடகர்கள் ஆளுக்கொரு திஸிதா பாடியிருக்கிறார்கள். மரபாக வரும் அடிகளில் ஒன்றின் பொருள் ஏறக்குறைய இது: என் நினைவே நீதான், எனக்கென்று வேறு நினைவு இல்லை, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருக்கிறாய். முல்லைத் திணையைப் படித்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆக, உங்கள் ஊகம் இந்த ஒரு தடவை சரியாக அமைந்துவிட்டது. எப்படி?

ஒரு காரணம் சுரம். எத்தியோப்பிய மேட்டுநிலத்து இசை பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நிற்கிறது. திஸிதாவின் ஒரு வகையை நம் கணக்கில் எழுதினால் ஸ ரி க ப த, அதாவது மோகனத்தின் சுரங்கள். அதில் காந்தாரத்தையும் தைவதத்தையும் அரைப்படி இறக்கினால் இருண்ட திஸிதா கிடைக்கும். பாத்தி என்று இன்னொரு முறை இருக்கிறது. அதன் ஒரு வகையில் சுத்த தன்யாசியின் சுரங்கள், இன்னொரு வகையில் கம்பீர நாட்டையின் சுரங்கள். அதற்காக திஸிதாவும் மோகனமும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுரம் ஒன்றாக இருக்கலாம், நடை வேறு, சுருதி நிற்கும் இடமும் நூல் பிடித்தாற்போல் ஒன்றாக இருக்காது. ஆனால் மோகனத்தில் எத்தனை தாலாட்டு, எத்தனை சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காது நம்முடையது! அந்த ஐந்து படிகளில் ஒரு குரல் ஏறி இறங்கும்போது, எங்கே போய் நிற்கும் என்று அதற்கு முன்கூட்டியே தெரிகிறது. நீங்கள் நினைத்த அளவுக்கு நீங்கள் அந்நியர் இல்லை.

இன்னொரு காரணம் அவ்வளவு சுகமானதில்லை. பாடகர் விம்முவது போலிருந்தது என்கிறீர்கள். அம்ஹாரிக்கில் சில மெய்யெழுத்துகள் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும்போது பிறக்கின்றன. த, க, ச எல்லாவற்றுக்கும் அப்படி வெடித்து வரும் ஒரு ஜோடி உண்டு. அங்கே காய்கறிக்காரர் விலை சொல்லும்போதும் அந்தச் சத்தம் வரும். அது ஓர் எழுத்து, அவ்வளவுதான். நமக்கு அந்த எழுத்து இல்லாததால், தொண்டை அடைபட்டு யாராவது பேசினால் அழுகை வருகிறதென்று எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கு விம்மலாகக் கேட்டதில் ஒரு பங்கு மஹ்மூத் அஹ்மதின் கலை, ஒரு பங்கு அம்ஹாரிக்கின் நெடுங்கணக்கு. எது எவ்வளவு என்று உங்களால் பிரிக்க முடியாது. எத்தியோப்பியாவில் இருந்த முதல் வருடம் எனக்கும் முடியவில்லை.

ஆய்வாளர்களும் இதைத் தோண்டியிருக்கிறார்கள். 2018இல் ஹார்வர்டைச் சேர்ந்த குழு ஒன்று, உலகெங்கும் 86 சிறு சமூகங்களின் பாட்டுகளிலிருந்து 14 விநாடித் துண்டுகளை எடுத்து, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேரைக் கேட்க வைத்தது. இது எதற்கான பாட்டு என்று ஊகிக்க வேண்டும். ஆட்டப் பாட்டையும் தாலாட்டையும் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். நோய் தீர்க்கப் பாடுவதை ஓரளவுக்குக் கண்டுபிடித்தார்கள். காதல் பாட்டில் கோட்டை விட்டார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த முடிவு. உலகத்திலேயே அதிகமாகப் பாடப்படுகிற விஷயம் என்று நாம் நினைப்பதுதான் சொல் இல்லாமல் கடக்க மாட்டேன் என்கிறது. இதற்கு ஒன்பது வருடம் முன்பே மறு பக்கமிருந்தும் ஒரு சோதனை நடந்தது. கேமரூனின் வடக்கே மந்தாரா மலைகளில் வாழும் மாஃபா மக்களில், மேற்கத்திய இசையே கேட்டிராதவர்களுக்குப் பியானோத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். எது மகிழ்ச்சி, எது சோகம், எது அச்சம் என்பதைக் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே சொன்னார்கள். ஆக, குரலிலும் தாளத்திலும் ஏதோ ஒன்று எல்லை தாண்டுகிறது. எல்லாம் தாண்டுவதில்லை.

சரி, ஆட்டுக் கதை.

எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லி செலாசி காலத்திலிருந்தே இந்திய வாத்தியார்கள் உண்டு. அந்த வரிசையின் கடைசியில் நானும் போய், தானா ஏரிக்கரையில் இருக்கும் பாஹிர் தாரில் மூன்று வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம், அம்ஹாரிக் ஆசிரியரான ஒரு நண்பர் என்னை அஸ்மாரி பெத்துக்கு அழைத்துப் போனார். அஸ்மாரி என்றால் பாணர். பெத் என்றால் வீடு. தாழ்வான கூரை, சுவரை ஒட்டி நாற்காலிகள், கழுத்து குறுகிய கண்ணாடிக் குடுவையில் தேஜ் என்கிற தேன் கள். பாணர் கையில் மசிங்கோ. சாய்சதுரமான ஒரு பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், குதிரைவாலில் திரித்த ஒரே ஒரு தந்தி. வில்லும் குதிரைவால்தான். ஒரு தந்தியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் ஒவ்வொரு மேசையாக வந்து, அங்கே இருப்பவர் முகத்தைப் பார்த்து இரண்டிரண்டு அடியாகக் கட்டிப் பாடினார். பிடித்தால் நோட்டை அவர் நெற்றியில் ஒட்டுகிறார்கள். என் முன்னால் வந்தார். வில்லை மெதுவாக இழுத்தார். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் மசிங்கோவை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் மெல்லக் கீழே இறக்கினார். எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தலை தானாக ஆடியது. கண்ணைத் திறந்து பார்த்தால் அறை முழுக்கச் சிரிப்பு. ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார். நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: பாஹிர் தார் ஆடெல்லாம் கூடிச் சாமி கும்பிடுகின்றன, இந்த இந்திய வாத்தியாருக்கு நீண்ட ஆயுசு கொடு, கறி தின்னாதவர் வந்திருக்கிறார், அவர் இருக்கிறவரை எங்களில் ஒன்றாவது கூடப் பிழைக்கும்.

அதற்குத்தான் நான் கண்ணை மூடித் தலை ஆட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டல்தான் கூடுதல் வேடிக்கையாம்.

அத்தோடு முடியவில்லை. மறுநாள் கல்லூரியில் தேநீர் குடிக்கும்போது நண்பர் சொன்னார்: “அந்தப் பாட்டு உன்னைப் பற்றியதுதான், ஆனால் உன்னைப் பற்றியது மட்டுமில்லை.” பக்கத்து மேசையில் ஏதோ ஓர் அலுவலகத்தின் பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். நம்மைப் போலவே அவர்களும் லஞ்சம் வாங்குவதைத் ‘தின்பது’ என்கிறார்கள். தின்னாத ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று ஆடுகள் சாமி கும்பிட்டால், தின்கிறவர் யார் என்று அந்த அறைக்குத் தெரியும். சிரித்தவர்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இந்தக் கலைக்கு அங்கே ‘மெழுகும் பொன்னும்’ என்று பெயர். பொற்கொல்லர் மெழுகில் உருவம் செய்து, மண்ணால் மூடி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பொன்னை ஊற்றுவார். சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் பஞ்சலோகச் சிலை வார்ப்பது இதே முறையில்தான். பாட்டில் வெளியே தெரிகிற பொருள் மெழுகு, உள்ளே இருப்பது பொன். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஈரடியை மேலோட்டமாகக் கேட்டால் ஆதாம் கனி தின்றதையும், உலக ரட்சகர் சிலுவையில் தொங்கியதையும் சொல்கிற பக்திப் பாட்டு. சொற்களைச் சற்றே வேறு மாதிரி பிரித்தால், உன் உதட்டுக் கனியால் என் இதயம் தொங்கிக் கிடக்கிறது என்கிற காதல் பாட்டு. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை கட்டிய காளமேகத்தின் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை.

நான் இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. ‘மொழி தெரிந்தவருக்குப் பாட்டு புரியும், தெரியாதவருக்கு உணர்ச்சி மட்டும்’ என்று இரண்டு கட்சியாகப் பிரித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அன்று அந்த அறையில் மூன்று பேர் மூன்று பாட்டு கேட்டார்கள். நான் குரலைக் கேட்டேன், சிலர் ஆட்டைக் கேட்டார்கள், சிலர் அதிகாரியைக் கேட்டார்கள். அம்ஹாரிக்கிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் பல சமயம் மெழுகு மட்டும்தான் கிடைக்கும். உங்கள் கண்ணீர் அந்தக் குரலுக்கு வந்தது, அது உண்மை. பாட்டு என்ன சொல்கிறது என்பதற்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமும் உண்டு. 1939இல் ஜோகன்னஸ்பர்கில், சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகரும் அவர் குழுவும் ‘ம்புபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். ம்புபே என்றால் சிங்கம். மாடு மேய்க்கிற பையன்களுக்குச் சிங்கம் என்றால் என்னவோ, அதுதான் பாட்டு. சொற்கள் மிகக் குறைவு. பின்னணியில் ஆண்கள் ‘உயிம்புபே’, நீ சிங்கம், என்று திரும்பத் திரும்பச் சொல்ல, மேலே லிண்டாவின் குரல் தனியாகப் பறக்கும். அந்த இசைத்தட்டு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கைக்குப் போனது. அவருக்கு அது பிடித்துப்போய், காதால் கேட்டே எழுதி எடுத்தார். ‘உயிம்புபே’ அவர் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது. எந்த மொழியிலும் இல்லாத சொல். அவர் குழு 1950களின் தொடக்கத்தில் அதைப் பாடி வெற்றி பெற்றது. 1961இல் வேறொரு குழு ஆங்கில வரிகள் சேர்த்துப் பாடியதில் உலகமே முணுமுணுத்தது. பிற்பாடு டிஸ்னியின் சிங்கப் படத்துக்குள்ளும் போனது. நீங்களும் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். மூலத்தில் இருந்தது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான், உலகம் பிடித்துக்கொண்டதும் அதையே, அதுவும் தப்பாக. லிண்டா 1962இல் ஏழையாக இறந்தார். அவருடைய மகள்கள் வழக்குப் போட்டு, 2006இல்தான் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சீகருக்கு வந்த உணர்ச்சி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஜூலு மனிதரைப் பிடித்து இந்தச் சொல் என்னவென்று கேட்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். யார் பாட்டு, யாருக்குக் காசு போகிறது என்ற அடுத்த கேள்வியும் அந்த ஐந்து நிமிடத்திலேயே எழுந்திருக்கலாம்.

சமீபத்திய உதாரணம் வேண்டுமென்றால், 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி ஊழியர்களும் விமான நிலைய ஊழியர்களும் வரிசை கட்டி ஆடிய ‘ஜெருசலெமா’. தென்னாப்பிரிக்காவின் மாஸ்டர் கேஜி இசையமைத்து நொம்செபோ ஸிகோடெ பாடியது. ஆட்டப் பாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என்னைக் காப்பாற்று, என்னோடு நட, இங்கே என்னை விட்டுவிடாதே என்று ஜூலு மொழியில் கடவுளிடம் கெஞ்சுகிற பிரார்த்தனை அது. அந்த வருடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது, ஆடியவர்களில் முக்கால்வாசிப்பேருக்கு அது தெரியவும் தெரியாது. காங்கோவின் ஃப்ராங்கோ 1985இல் பாடிய ‘மாரியோ’ இதற்கு நேர் எதிர். கிதார்கள் தேனாக ஓடும், இடுப்பு தானாக ஆடும். லிங்காலா தெரிந்தவரைக் கேட்டால், தன் காசில் உட்கார்ந்து தின்னும் இளவட்டத்தைப் பார்த்து வயதில் மூத்த பெண் ஒருத்தி புலம்புகிறாள் என்பார்.

நைஜீரியாவின் யொரூபா இசையில் இன்னொரு சிக்கல். யொரூபாவில் ‘ஒகோ’ என்பதை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று பொருள் மாறும். அதனால் நம் உடுக்கையைப் போல நடு இடுங்கிய ஒரு மேளத்தின் கயிறுகளை அமுக்கி அமுக்கித் தொனியை ஏற்றி இறக்கினால், மேளமே வாக்கியம் பேசும். யொரூபா பாடகர் கிங் சன்னி அடே மேடையில் வாய் மூடி நிற்கும்போதும் மேளம் யாரையோ பெயர் சொல்லிப் புகழ்ந்துகொண்டிருக்கலாம். நமக்கு அது தாளம். ‘பறை’ என்ற சொல்லுக்கே பேசு என்று பொருள் வைத்திருக்கிற மொழிக்காரர்கள் நாம், நமக்கே அங்கே மேளம் ஊமையாகிவிடுகிறது.

ஒரு சின்ன எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ‘ஆப்பிரிக்க மொழியில்’ ஒரு பாட்டு கேட்டேன் என்று உங்கள் கேள்வியின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்டத்தில் ஏறக்குறைய 2000 மொழிகள் இருக்கின்றன. நம் பாட்டைக் கேட்டு ஒருவர் ‘ஆசிய மொழியில் பாடினார்கள்’ என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

புரியாத மொழிப் பாட்டு நம் ஊரிலேயே பெரிய சண்டையாக நடந்த விஷயம்தான். கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே நிறைந்திருந்த காலத்தில், கேட்பவருக்குப் புரிகிற மொழியில் பாடுங்கள் என்று எழுந்தது தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார்கள். எதிர்த்தவர்கள் சொன்ன பதில், சங்கீதத்துக்கு ஏது மொழி என்பது. நான் தெலுங்கு தெரியாமலே தியாகராஜர் கீர்த்தனைக்கு உருகுகிறவன்தான். இருந்தாலும் அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் வரும். ‘இசைக்கு மொழி இல்லை’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் இன்னொருவருடைய மொழியைக் கேட்காமல் இருப்பதற்கு வழி தேடுகிறார். உங்கள் பஸ் அனுபவத்தை அந்த வாக்கியத்துக்குள் அடைத்துவிடாதீர்கள்.

பொருளைத் தேடலாமா என்றால், தேடுங்கள், ஆனால் உடனே வேண்டாம். நாலைந்து தடவை அப்படியே கேளுங்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று காது பிடிக்கட்டும். திஸிதா என்ற சொல்லே பாட்டுக்குள் பல இடத்தில் வரும், இப்போது உங்களுக்கு அது தெரியும். அதற்குப் பிறகு அம்ஹாரிக் பேசுகிற ஒருவரைக் கண்டுபிடித்துக் கேளுங்கள். பெங்களூரில் எத்தியோப்பிய மாணவர்கள் உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் மெழுகே அரைகுறையாகத்தான் வரும், பொன்னுக்கு வழியே இல்லை. மஹ்மூத் அஹ்மதுக்கு அடுத்து பெஸாவொர்க் அஸ்ஃபாவின் திஸிதாவைக் கேளுங்கள், பக்கவாத்தியம் குறைவு, குரல் நெருக்கமாக இருக்கும். அப்புறம் ஓர் அஸ்மாரி பாட்டு. ஆனால் கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள்.

பொருள் தெரிந்தால் கெட்டுவிடுமா என்று கேட்டீர்களே. அன்று பாஹிர் தாரில் என் போனில் அந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்தேன். போன் மாறி, ஊர் மாறி, பதிவு மட்டும் கூடவே வருகிறது. மாதம் ஒரு தடவையாவது கேட்பேன். ஆடுகளைப் பற்றியது என்று தெரியும். பக்கத்து மேசைப் பெரிய மனிதரைப் பற்றியது என்றும் தெரியும். மூன்றாம் அடியில் மசிங்கோ நின்று அவர் குரல் மட்டும் கீழே இறங்குகிற இடத்தில் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. அடுத்த கணம் பதிவில் அறை முழுக்கச் சிரிக்கிறது, நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.